வூட்ரோ வில்சன் (1856 – 1924): ஒரு நாட்டின் பாதுகாப்பும் உலகின் பாதுகாப்பும்



முதலாம் உலக மகா யுத்தம், வேர்சைல்ஸ் உடன்படிக்கை, சர்வதேச சங்கம் ஆகிய தலைப்புகளை நீங்கள் வரலாற்றுப் பாடத்திற் கற்றிருப்பீர்கள். இம்மூன்றோடும் தொடர்புடைய பெயர் வூட்ரோ வில்சன் என்பதாகும். அவர் ஐக்கிய அமெரிக்காவின் 28 ஆவது ஜனாதிபதி. சர்வதேச சங்கத்தைத் தோற்றுவிக்கப் பாடுபட்டவர் அவர். எனினும் அச்சங்கத்தில் அவருடைய நாடே அங்கத்துவம் பெறவில்லை. இது எவ்வாறு நிகழ்ந்தது? விடைத்தாளில் இதனை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் அம்மனிதரின் வாழ்க்கையை அறிந்திருத்தல் அவசியமாகும். அதனையே இப்பகுதியில் நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள்.

1. இளமைக் காலம்

தோமஸ் வூட்ரோ வில்சன் 1856 டிசெம்பர் 28 ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்ரான்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரான ஜோசப் வில்சன் ஒரு கிறிஸ்தவ மதகுரு. வில்சன் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்ரா நகருக்குக் குடிபெயர்ந்தது. 1861 இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. அது 1865 வரை நீடித்தது. தந்தையாரின் தேவாலயம் காயமுற்ற தென்பகுதிப் போர்வீரர்களுக்கு வைத்தியசாலையாகப் பயன்பட்டது. யுத்தத்தில் எரிந்து சிதைந்த கொலம்பியா நகரில் 1870 முதல் அக்குடும்பம் வாழ்ந்தது. ஆகவே யுத்தம் என்பது ஒரு சமூகத்தை எந்நிலைக்குக் கொண்டுவந்து விடும் என்பதைச் சிறு வயதிலேயே கண்ணாற் கண்டவர் வில்சன் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

படிப்பில் அவர் ஆரம்பத்திற் கெட்டிக்காரராக விளங்கவில்லை. பத்து வயதை அண்மித்த வேளையிலும் அவரால் சரளமாக வாசிக்க முடியவில்லை. எனினும் முயற்சியைக் கைவிடாது சுருக்கெழுத்தைத் தாமே கற்று அக்குறைபாட்டை ஈடுசெய்தார். 1879 இல் பிரின்ஸ்ரனிற் பட்டம் பெற்றார். பின்னர் சட்டம் பயின்று சிறிது காலம் அற்லாண்டா நகரிற் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். அத்தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. அரசறிவியலும் வரலாறுமே அவரை ஈர்த்தன. 1886 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்க ஜனாதிபதிகளுள் கலாநிதிப் பட்டத்தைக் கற்றுப் பெற்றவர் அவர் ஒருவரே.

2. பேராசிரியர் அரசியலுக்கு வருதல்

1890 இல் பிரின்ஸ்ரனிற் பேராசிரியராகச் சேர்ந்த வில்சன், 1902 முதல் 1910 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். கற்பித்தல் முறையில் அவர் செய்த சீர்திருத்தங்கள் பாராட்டைப் பெற்றன. ஆனால் பட்டப்பின் படிப்புக் கல்லூரி எங்கே அமைய வேண்டும் என்பது பற்றி எழுந்த பிணக்கில் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார், முடிவிலே தோல்வியடைந்தார். தாம் சரியென நம்பிய விடயத்தில் இம்மியும் நகராத இக்குணத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இதே குணம் பின்னர் ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையையே மாற்றியமைத்தது.

1911 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஆளுநரானார். 1912 இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டார். எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சி அவ்வேளை தாப்ற், தியோடோர் ரூஸ்வெல்ற் என்போரின் பின்னால் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. இப்பிளவே வில்சனின் வெற்றிக்கு வழிவகுத்தது. 1913 மார்ச் 4 ஆம் திகதி அவர் பதவியேற்றார்.

உள்நாட்டில் அவர் பல சீர்திருத்தங்களை மேற்கொண்டார். 1913 இல் மத்திய வங்கி முறைமை உருவாக்கப்பட்டது. 1914 இல் பெருங் கம்பனிகளின் தனியுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. ஆனால் இதே ஆட்சியில்தான் மத்திய அரசின் திணைக்களங்களில் கறுப்பின ஊழியர்கள் வெள்ளையரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். இதனை எதிர்த்து வந்த தூதுக்குழுவினரின் முறைப்பாட்டை வில்சன் ஏற்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் கறையாக இது இன்றும் பேசப்படுகின்றது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகம் தனது பொதுக்கொள்கைக் கல்லூரிக்கு இட்டிருந்த அவருடைய பெயரை 2020 இல் நீக்கியமைக்கும் இதுவே காரணமாகும்.

3. அன்றைய அமெரிக்க வெளிநாட்டுக் கொள்கை

வில்சன் எதிர்நோக்கிய பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்கு முன்னைய கொள்கையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதல் ஜனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டன் 1796 இல் பதவியிலிருந்து விலக முன்னர், ஐரோப்பிய நாடுகளுடன் நிரந்தரக் கூட்டுகளிற் சேர வேண்டாம் எனத் தம் மக்களுக்கு அறிவுரை கூறியிருந்தார். 1823 இல் வெளியிடப்பட்ட மன்றோ கொள்கை, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் புதிதாகத் தலையிடக் கூடாது என எச்சரித்தது. கிழக்கே அத்திலாந்திக் சமுத்திரம். மேற்கே பசுபிக் சமுத்திரம். இவ்விரண்டு சமுத்திரங்களுமே தமக்குக் காவல் என அமெரிக்க மக்கள் நம்பினர். ஐரோப்பியப் பிணக்குகளிலிருந்து ஒதுங்கியிருக்கும் இக்கொள்கையே தனிமைவாதம் எனப்படுகின்றது.

ஆயினும் ஒதுங்கியிருத்தல் என்பது ஐரோப்பாவைப் பொறுத்தவரை மாத்திரமே உண்மையாகும். தனது அயல் நாடுகளில் அமெரிக்கா தாராளமாகத் தலையிட்டது. வில்சனின் காலத்தில் 1914 இல் மெக்சிக்கோவின் வெராகுரூஸ் துறைமுகம் கைப்பற்றப்பட்டது. 1915 இல் ஹெயிற்றிக்கும் 1916 இல் டொமினிக்கன் குடியரசுக்கும் படைகள் அனுப்பப்பட்டன. ஹெயிற்றியிலிருந்து அமெரிக்கப் படையினர் 1934 இலேயே வெளியேறினர். பிற்காலத்தில் தேசங்களின் சுயநிர்ணய உரிமையை உலகறியச் செய்த ஒருவரின் ஆட்சியில் இவை நடந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

4. நடுநிலைமையும் அதன் நெருக்கடியும்

1914 ஓகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அதே மாதம் 6 ஆம் திகதி வில்சனின் மனைவி எலன் காலமானார். தனிப்பட்ட துயரமும் உலகத் துயரமும் ஒரே வாரத்தில் அவரை வந்தடைந்தன. அமெரிக்கா நடுநிலைமை வகிக்கும் என அவர் அறிவித்தார். அமெரிக்க மக்களுட் பலர் பிரித்தானியா, ஜேர்மனி, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோராவர். யாராவது ஒரு பக்கஞ் சார்ந்தால் நாடே பிளவுபடும் என்ற அச்சமும் இம்முடிவுக்கு ஒரு காரணமாகும்.

ஆனால் நடுநிலைமை என்பது சொல்வதற்கு எளிது, காப்பதற்குக் கடினம். பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியின் கடல் வழிகளை முற்றுகையிட்டது. எனவே அமெரிக்காவின் வியாபாரமும் கடனுதவியும் நேச நாடுகளின் பக்கமே பெருகின. இதனை முறியடிக்க ஜேர்மனி நீர்மூழ்கிக் கப்பல்களைப் பயன்படுத்தியது. 1915 மே 7 ஆம் திகதி அயர்லாந்துக்கு அண்மையில் லுசித்தேனியா என்னும் பிரித்தானியப் பயணிகள் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அவர்களுள் 128 பேர் அமெரிக்கர்.

இந்நிலையில் நீங்கள் ஜனாதிபதியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உடனே யுத்தத்திற் குதிக்க வேண்டுமெனச் சிலர் கோரினர். யுத்தம் புரியும் நாடுகளின் கப்பல்களில் அமெரிக்கர் பயணஞ் செய்வதையே தடுக்க வேண்டுமென வேறு சிலர் கூறினர். வில்சன் இவ்விரண்டையும் ஏற்காமல் ஜேர்மனிக்குக் கண்டனக் கடிதங்களை அனுப்பினார். அக்கடிதங்களின் கடுமை யுத்தத்திற்கு இட்டுச்செல்லும் எனக் கருதிய இராஜாங்கச் செயலாளர் பிறையன் 1915 ஜூனிற் பதவி துறந்தார். 1916 மே மாதத்தில், எச்சரிக்கையின்றி வர்த்தகக் கப்பல்களைத் தாக்குவதில்லை என ஜேர்மனி நிபந்தனையுடன் உறுதியளித்தது. நாட்டை யுத்தத்திலிருந்து காத்தவர் என்ற பெயருடன் வில்சன் 1916 நவம்பரில் மீண்டும் தெரிவு செய்யப்பட்டார். அவ்வெற்றி மிகச் சிறிய வித்தியாசத்திலேயே கிட்டியது. தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு 277 உம் எதிர்த்துப் போட்டியிட்ட ஹியூஸ் என்பவருக்கு 254 உம் கிடைத்தன.

5. யுத்தத்தினுட் பிரவேசித்தல்

1917 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. இதற்கான காரணங்களை ஒழுங்காக நினைவில் வைத்திருங்கள்.

முதலாவது, 1917 பெப்ரவரி 1 முதல் பிரித்தானியாவைச் சூழ்ந்த கடற்பரப்பிற் காணப்படும் எந்நாட்டுக் கப்பலையும் எச்சரிக்கையின்றித் தாக்கப்போவதாக ஜேர்மனி அறிவித்தது. இவ்வாறு செய்தால் அமெரிக்கா யுத்தத்திற்கு வரும் என்பது ஜேர்மனியத் தளபதிகளுக்குத் தெரியும். அமெரிக்கப் படைகள் வந்து சேர முன்னரே பிரித்தானியாவைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என அவர்கள் கணக்கிட்டனர். அக்கணக்குத் தவறியது.

இரண்டாவது, சிமர்மன் தந்தி எனப்படும் இரகசியச் செய்தியாகும். ஜேர்மனியின் வெளிவிவகாரச் செயலாளரான சிமர்மன், அமெரிக்காவுடன் யுத்தம் மூண்டால் ஜேர்மனியின் பக்கஞ் சேருமாறு மெக்சிக்கோவைக் கேட்பதற்கு ஏற்பாடு செய்தார். அதற்குப் பிரதியுபகாரமாக ரெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகிய பிரதேசங்களை மீளப் பெற உதவுவதாக அத்தந்தியிற் குறிப்பிடப்பட்டிருந்தது. பிரித்தானியாவின் உளவுப் பிரிவினர் இதனை இடைமறித்து, அதன் குறியீட்டை அவிழ்த்து, அமெரிக்காவுக்குத் தெரிவித்தனர். 1917 மார்ச் 1 ஆம் திகதி பத்திரிகைகள் இச்செய்தியை வெளியிட்டன. சமுத்திரங்கள் தம்மைக் காக்கும் என நம்பியிருந்த மக்களுக்கு ஆபத்துத் தம் எல்லை வரை வந்துவிட்டது என்பது அன்றுதான் உறைத்தது.

மூன்றாவது, 1917 மார்ச்சில் ரஷ்யாவிற் சார் மன்னரின் ஆட்சி வீழ்ந்தது. இதனால் நேச நாடுகளின் யுத்தத்தை மக்களாட்சிக்கான யுத்தம் என வருணிப்பது எளிதாயிற்று.

ஏப்ரல் 2 ஆம் திகதி வில்சன் காங்கிரசில் உரையாற்றி யுத்தப் பிரகடனத்தைக் கோரினார். செனற் சபையில் 82 பேர் ஆதரவாகவும் 6 பேர் எதிராகவும், பிரதிநிதிகள் சபையில் 373 பேர் ஆதரவாகவும் 50 பேர் எதிராகவும் வாக்களித்தனர். 1917 ஏப்ரல் 6 இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. ஏறத்தாழ 20 இலட்சம் அமெரிக்கப் போர்வீரர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றனர். யுத்தத்திலும் நோயிலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் உள்நாட்டில் நடந்தவற்றையும் நீங்கள் அறிய வேண்டும். 1917 இல் உளவுச் சட்டமும் 1918 இல் தேசத்துரோகப் பேச்சுகளைத் தடுக்கும் சட்டமும் கொண்டுவரப்பட்டன. யுத்தத்தை எதிர்த்துப் பேசிய சோசலிசத் தலைவர் இயூஜின் டெப்ஸ் என்பவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மக்களாட்சிக்காக வெளியே போராடும் நாடு உள்ளே பேச்சுச் சுதந்திரத்தை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்ற கேள்வி அன்று எழுந்தது. அக்கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை.

6. பதினான்கு அம்சங்கள்

1918 ஜனவரி 8 ஆம் திகதி வில்சன் தமது சமாதானத் திட்டத்தைக் காங்கிரசிற் சமர்ப்பித்தார். இதுவே பதினான்கு அம்சத் திட்டம் எனப் புகழ்பெற்றது. பரீட்சையில் இதன் முக்கிய அம்சங்கள் வினவப்படலாம் என்பதால் அவற்றைப் பின்வருமாறு சுருக்கிக் கொள்ளுங்கள்:

– இரகசிய உடன்படிக்கைகளைக் கைவிட்டு இராஜதந்திரத்தை வெளிப்படையாக நடத்துதல்.
– சமாதான காலத்திலும் யுத்த காலத்திலும் கடற்பயணச் சுதந்திரத்தைப் பேணல்.
– நாடுகளுக்கிடையிலான வர்த்தகத் தடைகளை இயன்றவரை நீக்குதல்.
– ஆயுதங்களைக் குறைத்தல்.
– குடியேற்ற நாடுகள் பற்றிய கோரிக்கைகளைப் பாரபட்சமின்றித் தீர்த்தல்.
– ரஷ்யா, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, போலந்து, போல்கன் நாடுகள் முதலியவற்றின் நிலப்பிரச்சினைகளைத் தீர்த்தல்.
– எல்லா நாடுகளினதும் சுதந்திரத்தையும் நில ஒருமைப்பாட்டையும் காக்கும் பொதுச் சங்கம் ஒன்றை நிறுவுதல்.

இவற்றுட் கடைசி அம்சமே வில்சனின் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. ஒரு நாட்டின் மீது தொடுக்கப்படும் தாக்குதலை எல்லா நாடுகளும் தம் மீதான தாக்குதலாகக் கருதி ஒன்று சேர்ந்து எதிர்த்தால், எந்த நாடும் யுத்தத்தைத் தொடங்கத் துணியாது என அவர் எண்ணினார். இதுவே கூட்டுப் பாதுகாப்பு எனப்படும். தனித்திருப்பதே பாதுகாப்பு என்று கருதியிருந்த நாட்டில், சேர்ந்திருப்பதே பாதுகாப்பு என்று ஒரு ஜனாதிபதி கூறியது பெரும் மாற்றமாகும்.

7. பாரிஸ் சமாதான மகாநாடு

1918 நவம்பர் 11 இல் யுத்தம் ஓய்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர் நடந்த தேர்தலிற் காங்கிரசின் இரு சபைகளிலும் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்தது. வெளிநாட்டுடன் செய்யப்படும் எந்த உடன்படிக்கையும் செனற் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெற வேண்டும் என்பது அமெரிக்க யாப்பின் விதியாகும். அவ்வாறிருந்தும் வில்சன் பாரிசுக்குச் சென்றபோது எதிர்க்கட்சியின் செனற்றர் ஒருவரைத்தானும் தம்முடன் அழைத்துச் செல்லவில்லை. இது அவர் விட்ட முதற் பெருந் தவறு என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

1918 டிசெம்பரில் அவர் ஐரோப்பாவை அடைந்தார். பதவியிலிருக்கும் போதே ஐரோப்பாவுக்குச் சென்ற முதல் அமெரிக்க ஜனாதிபதி அவரே. வீதிகளில் மக்கள் வெள்ளம் அவரை வரவேற்றது. ஆனால் மகாநாட்டு மேசையில் நிலைமை வேறாக இருந்தது. பிரான்சின் கிளெமென்சோ ஜேர்மனி மீண்டும் தலைதூக்க முடியாதபடி ஒடுக்கப்பட வேண்டும் என்றார். அவருடைய நாட்டின் வயல்களும் சுரங்கங்களும் யுத்தத்தில் அழிந்திருந்தன. பிரித்தானியாவின் லொயிட் ஜோர்ஜ் நட்டஈட்டையும் கடலாதிக்கத்தையும் எதிர்பார்த்தார். இத்தாலியின் ஓர்லண்டோ இரகசிய உடன்படிக்கையில் வாக்களிக்கப்பட்ட நிலங்களைக் கேட்டார்.

வில்சன் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சீனாவின் சாண்டோங் பகுதியில் ஜேர்மனி அனுபவித்த உரிமைகள் ஜப்பானுக்கு வழங்கப்பட்டன. இதனை எதிர்த்துச் சீன மாணவர்கள் 1919 மே 4 ஆம் திகதி கிளர்ந்தெழுந்தனர். இனங்களின் சமத்துவத்தைச் சங்கத்தின் சாசனத்திற் சேர்க்குமாறு ஜப்பான் கொண்டுவந்த பிரேரணைக்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. எனினும் தலைமை வகித்த வில்சன், ஏகமனதான ஆதரவு இல்லை எனக் கூறி அதனை நிராகரித்தார். ஆசிய, ஆபிரிக்கக் குடியேற்ற நாட்டு மக்கள் எதிர்பார்த்த சுயநிர்ணய உரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை.

இத்தனையையும் அவர் ஏன் விட்டுக்கொடுத்தார்? உடன்படிக்கையிலுள்ள குறைகளைச் சர்வதேச சங்கம் காலப்போக்கிற் சீர்செய்யும் என நம்பியமையே காரணமாகும். சங்கத்தின் சாசனம் உடன்படிக்கையின் முதற் பகுதியாகவே சேர்க்கப்பட்டது. 1919 ஜூன் 28 ஆம் திகதி வேர்சைல்ஸ் மாளிகையின் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கை கைச்சாத்தானது.

8. செனற் சபையோடு போராட்டம்

1919 ஜூலையில் வில்சன் உடன்படிக்கையைச் செனற் சபையிற் சமர்ப்பித்தார். அங்கே வெளிநாட்டு உறவுகள் குழுவின் தலைவராக இருந்தவர் ஹென்றி கபொட் லொட்ஜ். பிணக்கு முழுவதும் சாசனத்தின் 10 ஆவது உறுப்புரையைச் சுற்றியே எழுந்தது. அங்கத்துவ நாடுகளின் நில ஒருமைப்பாட்டையும் சுதந்திரத்தையும் ஏனைய அங்கத்தவர்கள் காக்க வேண்டும் என அவ்வுறுப்புரை கூறியது.

இரு பக்க வாதங்களையும் நீங்கள் விளங்கிக்கொள்வது அவசியம். இவ்வுறுப்புரை இல்லாவிடில் சங்கம் உயிரற்ற உடல் என்பது வில்சனின் நிலைப்பாடு. யுத்தம் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் யாப்பின்படி காங்கிரசுக்கே உரியது. எங்கோ நடக்கும் எல்லைப் பிணக்குக்காக அமெரிக்க இளைஞர்களைக் காங்கிரசின் சம்மதமின்றி அனுப்ப முடியாது என்பது லொட்ஜின் நிலைப்பாடு. பின்னையதை வெறும் பொறாமை என ஒதுக்கிவிட முடியாது. லொட்ஜ் 14 நிபந்தனைகளுடன் உடன்படிக்கையை ஏற்கத் தயார் என்றார். எந்த நிபந்தனையுடனும் ஏற்க மாட்டோம் என்ற சிறு குழுவினரும் இருந்தனர்.

வில்சன் நேரடியாக மக்களிடஞ் செல்லத் தீர்மானித்தார். வைத்தியரின் எச்சரிக்கையையும் பொருட்படுத்தாது 1919 செப்ரெம்பர் 3 ஆம் திகதி புகையிரதத்திற் புறப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேலாக ஊர் ஊராகப் பேசினார். கடுந் தலையிடி அவரை வாட்டியது. செப்ரெம்பர் 25 ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் பியூப்ளோ நகரிற் பேசிய பின்னர் உடல் தளர்ந்தது, பயணம் நிறுத்தப்பட்டது. ஒக்ரோபர் 2 ஆம் திகதி வெள்ளை மாளிகையில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. உடலின் இடப்பக்கம் செயலிழந்தது.

அவருடைய நோயின் கடுமை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. 1915 இல் அவர் மணந்த இரண்டாவது மனைவி எடித், எவ்விடயத்தை ஜனாதிபதியிடம் கொண்டு செல்வது, எதை விடுவது எனத் தீர்மானித்தார். நாட்டின் மிக முக்கியமான முடிவு எடுக்கப்பட வேண்டிய வேளையில் முடிவெடுப்பவர் படுக்கையிற் கிடந்தார். ஜனாதிபதி செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்கான தெளிவான ஏற்பாடு 1967 இல் நிறைவேறிய 25 ஆவது யாப்புத் திருத்தத்தின் மூலமே ஏற்பட்டது.

நிபந்தனைகளை ஏற்று உடன்படுமாறு நண்பர்களும் மனைவியும் அவரிடங் கேட்டுக்கொண்டனர். அவர் மறுத்தார். நிபந்தனைகளுடன் கூடிய உடன்படிக்கையை எதிர்த்து வாக்களிக்குமாறு தமது கட்சியினருக்கு அறிவித்தார். 1919 நவம்பர் 19 இல் உடன்படிக்கை தோற்றது. 1920 மார்ச் 19 இல் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. 49 பேர் ஆதரவு. 35 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு 56 வாக்குகள் தேவைப்பட்டன. எதிர்த்தவர்களுள் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சியினராவர். அவர்களுள் ஏழு பேர் மாறி வாக்களித்திருந்தால் அமெரிக்கா சர்வதேச சங்கத்திற் சேர்ந்திருக்கும். இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

9. இறுதிக் காலம்

1919 ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு 1920 டிசெம்பரில் வில்சனுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி படுதோல்வியடைந்தது. குடியரசுக் கட்சியின் ஹார்டிங் ஜனாதிபதியானார். அமெரிக்கா 1921 இல் ஜேர்மனியுடன் தனியாகச் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. வில்சன் வாஷிங்டனில் அமைதியாக வாழ்ந்து 1924 பெப்ரவரி 3 ஆம் திகதி தமது 67 ஆவது வயதிற் காலமானார்.

10. அவருக்குப் பின்

சர்வதேச சங்கம் 1920 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. தலைமையகம் ஜெனீவாவில் அமைந்தது. ஆனால் 1931 இல் ஜப்பான் மஞ்சூரியாவையும் 1935 இல் இத்தாலி எதியோப்பியாவையும் தாக்கியபோது சங்கத்தால் தடுக்க முடியவில்லை. அமெரிக்காவோ 1935 முதல் நடுநிலைமைச் சட்டங்களை இயற்றி மேலும் ஒதுங்கிக்கொண்டது. 1941 டிசெம்பர் 7 ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அன்று, சமுத்திரமே காவல் என்ற நம்பிக்கை தகர்ந்தது.

வில்சனின் ஆட்சியிற் கடற்படை உதவிச் செயலாளராகப் பணியாற்றியவர் பிராங்ளின் ரூஸ்வெல்ற். வில்சனின் தோல்வியை அருகிலிருந்து கண்ட அவர், ஐக்கிய நாடுகள் அமைப்பைத் திட்டமிட்டபோது இரு கட்சியினரையும் சேர்த்துக்கொண்டார். அவர் மறைந்த பின்னர், 1945 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சாசனத்தை அமெரிக்கச் செனற் சபை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 89, எதிர்ப்பு 2. அந்த அமைப்பில் இலங்கை 1955 டிசெம்பர் 14 ஆம் திகதி அங்கத்துவம் பெற்றது. 1949 இல் உருவான வட அத்திலாந்திக் உடன்படிக்கையின் 5 ஆவது உறுப்புரையும் ஒருவர் மீதான தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகவே கருதுகின்றது. தொலைவிலுள்ள நாட்டைக் காக்கத் தன் மக்களை அனுப்புவதா என்ற பிணக்கு அமெரிக்க அரசியலில் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுகின்றது. லொட்ஜும் வில்சனும் வாதிட்டது இதனைப் பற்றியே.

மாணவர்களே, வில்சனை முற்றாகப் போற்றவோ முற்றாகத் தூற்றவோ வேண்டியதில்லை. பாரிசில் எதிரே இருந்த வெளிநாட்டவருக்கு அதிகமாக விட்டுக்கொடுத்தார். வாஷிங்டனில் எதிரே இருந்த சொந்த நாட்டவருக்குச் சிறிதும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அவருடைய நோக்கம் பெரிது. ஆனால் நோக்கம் பெரிதாயிருத்தல் மட்டும் போதாது. அதனைப் பிறரும் தமதாக ஏற்கும்படி செய்தல் வேண்டும். அவருடைய வாழ்விலிருந்து நீங்கள் பெறக்கூடிய பாடம் இதுவாகும்.

மாதிரி வினாக்கள்

1. தனிமைவாதம் என்பதால் நீங்கள் விளங்கிக்கொள்வது யாது?
2. 1917 இல் அமெரிக்கா யுத்தத்தினுட் பிரவேசித்தமைக்கான மூன்று காரணங்களைக் குறிப்பிடுக.
3. பதினான்கு அம்சத் திட்டத்தின் ஐந்து அம்சங்களைத் தருக.
4. அமெரிக்கா சர்வதேச சங்கத்திற் சேராமைக்கான காரணங்களை விளக்குக.
5. சர்வதேச சங்கத்தின் தோல்விக்கு அமெரிக்கா சேராமை மட்டுமே காரணமா? உமது கருத்தை உதாரணங்களுடன் தருக.

விடையெழுதுவோர் கவனத்திற்கு: 4 ஆவது வினாவிற்கு விடையளிக்கும்போது வில்சனின் பிடிவாதத்தை மாத்திரம் எழுதி நிறுத்தி விடாதீர்கள். யாப்பின் மூன்றில் இரண்டு பங்கு விதி, 1918 தேர்தல் முடிவு, 10 ஆவது உறுப்புரை பற்றிய அச்சம், லொட்ஜின் நிபந்தனைகள், வில்சனின் சுகவீனம் ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதுங்கள். 5 ஆவது வினாவிற்கு மஞ்சூரியா, எதியோப்பியா ஆகிய இரண்டிலும் அங்கத்துவ நாடுகளான பிரித்தானியாவும் பிரான்சும் காட்டிய தயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பவத்தைச் சொல்லி, காரணத்தைக் காட்டி, விளைவைக் கூறி முடிப்பதே சிறந்த விடையாகும்.